அக்கரைக்கு என்ன அனுப்பலாம்? இலங்கை, மாலத்தீவு வியாபாரம் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற காகிதம்) போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு. வீடு பாளையங்கோட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரர், நயினார்குளம் மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால் மண்டிக்காரர் என்று எல்லாரும் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விதான். இலங்கைக்கு அனுப்பலாமா, மாலத்தீவில் நல்ல விலையாமே, வரியே இல்லையாமே. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். தெரிந்தவர்களுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, ரெண்டுமே சின்ன நாடு. அங்கே எவ்வளவுதான் விற்றுவிட முடியும்?

சின்னதுதான். மாலத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி 5,15,132 பேர். 2011 கணக்கெடுப்பில் நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில் 4.73 லட்சம் பேர். ஆக, ஒரு நாடு முழுக்கச் சேர்ந்தாலும் நம்ம ஊர் அளவுதான். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஆள் குடியிருக்கிற தீவுகளே 180-க்கு மேல். ஜங்ஷன் ஒரு தீவு, டவுன் ஒரு தீவு, மேலப்பாளையம் இன்னொரு தீவு, ஒவ்வொன்றுக்கும் போட்டில்தான் சரக்கு போகணும் என்று வைத்துப் பாருங்கள், அதுதான் மாலத்தீவு. இலங்கையில் ஏறக்குறைய 2.17 கோடி பேர். தமிழ்நாட்டின் 2011 கணக்கான 7.21 கோடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் ஒன்று. சின்னச் சந்தை என்பது பெரிய கம்பெனிக்குத்தான் குறை. ஒரு கன்டெய்னர் வத்தலை மாசம் ஒருதரம் அனுப்புகிற ஆளுக்கு அது தோதான அளவு. பெரிய கம்பெனிக்காரன் இந்தச் சின்ன லோடுக்காக மெனக்கெட்டு வரமாட்டான். அப்புறம், மாலத்தீவில் ஆள்தொகையை மட்டும் பார்க்கக்கூடாது, 2024-இல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்து போனார்கள். அவர்களுக்கும் முட்டை வேண்டும், தக்காளி வேண்டும், அங்கே மண்ணும் குறைவு, விளைச்சலும் குறைவு.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் எதற்கு வர்த்தக ஒப்பந்தம் போடணும்? யார் வேண்டுமானாலும் யாருக்கும் விற்கட்டுமே?

ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை லாபத்தில் ஓடணும் என்றால் இத்தனை பண்டல் போயே ஆகணும் என்று ஒரு கணக்கு இருக்கும். உள்ளூர்ச் சந்தை அதில் பாதிதான் வாங்கும் என்றால் ஒன்று தொழிற்சாலை வராது, இல்லாவிட்டால் வந்து தட்டுத்தடுமாறும். பக்கத்து நாட்டுச் சந்தையும் சேர்ந்தால் கணக்கு நேராகும். அவ்வளவுதான் விஷயம். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றும் 1948-லேயே சுங்க எல்லையை எடுத்துவிட்டன. தென்னாப்பிரிக்காவும் அதைச் சுற்றியுள்ள குட்டி நாடுகளும் வைத்திருக்கிற சுங்க ஒன்றியம் 1910-இலிருந்து ஓடுகிறது. அங்கே வசூலாகிற சுங்க வரியை ஒரே உண்டியலில் போட்டுப் பங்கு பிரிப்பார்கள், லெசோத்தோ போன்ற நாட்டுக்கு அரசாங்க வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. பெரியவன் தன் பங்கை விட்டுக்கொடுப்பதால்தான் சின்னவன் கூடவே இருக்கிறான்.

கெட்டுப்போன கதையும் உண்டு. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967-இல் சேர்ந்தன, பொது விமான கம்பெனிகூட வைத்திருந்தன. தொழிற்சாலை எல்லாம் கென்யாவுக்கே போகிறது, நமக்கு என்ன மிஞ்சியது என்று மற்ற இருவரும் முறைக்க, அரசியல் சண்டையும் சேர்ந்து 1977-இல் உடைந்தது. கென்யா-தான்சானியா எல்லையையே 1983 வரை மூடி வைத்திருந்தார்கள். மறுபடி சேர 2000 ஆனது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரிதான், மொத்த வருமானம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை, அவனுக்கு எவ்வளவு போச்சு என்றுதான் பார்ப்பார்கள்.

இந்தியா-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறதா?

இருக்கிறது. 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு தரப்பும் "இதற்குச் சலுகை கிடையாது" என்று ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டன. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 பொருள், இலங்கையின் பட்டியலில் 1,180. இந்தியா 3 வருஷத்தில் வரியை இறக்கணும், இலங்கைக்கு 8 வருஷம் அவகாசம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று சிலர் கேட்பார்கள். சின்ன நாட்டுக்கு மூச்சு விட நேரம் கொடுக்காமல் ஒப்பந்தம் போட்டால் அது நிற்காது என்பதால்தான், மேலே கென்யா கதை பார்த்தோமே.

இதை இன்னும் விரிவாக்கிச் சேவைத் துறை, முதலீடு எல்லாம் சேர்க்கணும் என்று பேசினார்கள். 2008-இல் கொழும்பில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் மாநாடு நடந்தபோது கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்தது கடைசி நேரத்தில் நின்றது. 2016-இல் வேறு பெயரில் மறுபடி தொடங்கினார்கள், இடையில் நின்று 2023-இல் திரும்பவும் உட்கார்ந்தார்கள். இலங்கையில் இதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது, இந்திய டாக்டரும் இன்ஜினியரும் வந்து இறங்கி வேலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். பயத்தை நாம் கேலி செய்யக்கூடாது. 140 கோடி பேர் உள்ள வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் கதவைப் பாதிதான் திறப்பான்.

வரி பூஜ்யம் என்றார்கள். ஆனால் கொழும்பில் வாங்குகிறவர் "வரி கட்டி மாளவில்லை" என்கிறாரே?

அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் குறைத்தது சுங்க வரியைத்தான். அதற்கு மேல் இலங்கையில் செஸ் ஒன்று, துறைமுக விமானநிலைய மேம்பாட்டு வரி ஒன்று, அதற்கப்புறம் வாட், 2022-இலிருந்து சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று வரிசையாக நிற்கும். வெங்காயம், உருளை, பருப்பு மாதிரிப் பொருளுக்குச் சிறப்புப் பண்ட வரி என்று தனியாக ஒன்று, அங்கே அறுவடை வரும்போது ஏற்றுவார்கள், விலை எகிறினால் இறக்குவார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாறும். கப்பல் கிளம்பும்போது ஒரு வரி, சேரும்போது இன்னொன்று. எந்தச் சரக்கானாலும் அதன் எட்டு இலக்க எச்.எஸ். கோடை (சரக்கு வகைக்கு உள்ள சுங்க எண்) வைத்து, இறங்குகிற நாளில் என்ன கணக்கு என்று அங்கே உள்ள ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மசாலா அயிட்டம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எவனும் சரியான பதில் சொல்லமாட்டான்.

வனஸ்பதி கதை என்று ஏதோ சொல்வார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் முதலீடு பற்றி யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒப்பந்தம் வந்த புதிதில் இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி உச்சத்தில் இருந்தது, இலங்கையிலோ ரொம்பக் குறைவு. உடனே நம்ம ஆட்களே அங்கே போய் வனஸ்பதித் தொழிற்சாலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை இலங்கைக்குள் மலிவாக இறக்கி, அங்கே வனஸ்பதியாக்கி, "இலங்கைச் சரக்கு" என்று இந்தியாவுக்கு வரியில்லாமல் அனுப்பினார்கள். செம்பிலும் இதே வேலை நடந்தது. இலங்கையில் செம்புச் சுரங்கமே கிடையாது, பழைய செம்பை வெளியிலிருந்து வாங்கி உருக்கி இங்கே அனுப்புவது. 2000-களின் நடுவில் இலங்கை இந்தியாவுக்கு அனுப்பியதில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டும்தான். புள்ளிவிவரத்தில் ஒப்பந்தம் அமோக வெற்றி.

ஒப்பந்த விதிப்படி ஒரு பொருள் இலங்கையுடையது என்று சொல்ல அங்கே 35 சதவீத மதிப்பு சேரணும். இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால் அதையும் கூட்டி 35 வரலாம், ஆனால் இலங்கைப் பங்கு குறைந்தது 25 இருக்கணும். காகிதத்தில் 35 காட்டுவது பெரிய வித்தையா? இங்கே உள்ள வனஸ்பதி ஆலைக்காரர்கள் சத்தம் போட, இந்தியா வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது, இறக்குமதியை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும் என்று மாற்றியது, பாமாயில் வரியையும் பின்னால் குறைத்தது. வரி வித்தியாசம் போனதும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கட்டடம் அங்கே, மிஷின் அங்கே, வேலை போனவர்களும் அங்கே.

மாலத்தீவிலும் இப்படி ஒன்று நடந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்த காலத்தில் இலங்கை முதலாளிகள் மாலத்தீவில் போய்த் தையல் தொழிற்சாலை போட்டார்கள், காரணம் மாலத்தீவுக்கென்று ஒரு கோட்டா சும்மா கிடந்தது. 2005 ஜனவரி 1-இல் உலகம் முழுக்கக் கோட்டா ஒழிந்தது. தொழிற்சாலையும் ஒழிந்தது.

வேலியில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கத்தில் வீடு கட்டக்கூடாது. ஓட்டையை ஒருநாள் அடைப்பார்கள். மிளகில் இப்போதும் இது நடக்கிறது, வியட்நாம் மிளகு இலங்கை வழியாக "இலங்கை மிளகு" ஆகி வந்ததால்தான் 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று வைத்தது. 2020 செப்டம்பரிலிருந்து, சலுகை வரியில் இறக்குமதி செய்கிறவரே அந்தச் சரக்கு எப்படி அந்த நாட்டுடையது ஆனது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்கணும், ஐந்து வருஷம் பத்திரப்படுத்தணும். "சர்டிபிகேட் கொடுத்தது அவங்க, எனக்கு என்ன தெரியும்" என்று கஸ்டம்ஸில் சொல்ல முடியாது.

மாலத்தீவுக்குத் தனி கோட்டா உண்டாமே?

உண்டு. 1981-இலிருந்து இரு நாட்டுக்கும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா ஏதாவது பொருளின் ஏற்றுமதியைத் தடை செய்தாலும், மாலத்தீவுக்கென்று ஒதுக்கிய அளவு போகும். 2024-25-க்கு அறிவித்த அளவு: முட்டை 42.75 கோடி, அரிசி 1.24 லட்சம் டன், கோதுமை மாவு 1.09 லட்சம் டன், சர்க்கரை 64 ஆயிரம் டன், வெங்காயம் 35 ஆயிரம் டன், உருளை 21 ஆயிரம் டன். ஆற்று மணலும் ஜல்லியும் தலா பத்து லட்சம் டன். முட்டைக் கணக்கை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 830 முட்டை வருகிறது! சுற்றுலாக்காரர்கள் தின்பதும் சேர்ந்துதான், தவிர இது உச்சவரம்பு, அத்தனையும் போய்த் தீரும் என்று அர்த்தம் இல்லை.

சீனாவோடு மாலத்தீவு 2017-இல் போட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. இந்தியாவோடும் அதே மாதிரி ஒன்றுக்கு 2025 ஜூலையில் பேச்சைத் தொடங்கினார்கள். அதை நம்பி இப்போதே கணக்குப் போடாதீர்கள்.

வெங்காயம் அனுப்பினால் நல்ல லாபமாமே?

லாபம்தான், தடை வராதவரை. 2019 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். போன். வெங்காய ஏற்றுமதிக்குத் தடை, உடனடியாக. பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தரின் இரண்டு கன்டெய்னர் யார்டில் நிற்கிறது, கொழும்பில் புறக்கோட்டை வியாபாரிக்கு விலை பேசி அட்வான்ஸும் வாங்கியாச்சு. அறிவிப்புக்கு முன்னால் பில் ஏறியதா, சரக்கு கஸ்டம்ஸ் கைக்கு வந்ததா என்று காகிதம் காகிதமாகப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அங்கே உள்ளே வெங்காயம் முளைவிட ஆரம்பித்துவிட்டது. ஒரு கன்டெய்னர் போனது, இன்னொன்றை வெளியே எடுத்து உள்ளூர் மார்க்கெட்டில் கிடைத்த விலைக்குத் தள்ளினார். அவர் என்னிடம் சொன்னது: "காசு போனது பரவாயில்லை வே, புறக்கோட்டைக்காரன் அப்புறம் போனை எடுக்கவே இல்லை."

2023 டிசம்பர் 8-இல் மறுபடியும் தடை, 2024 மே மாதம்தான் விலக்கினார்கள். ஒவ்வொரு தடைக்கும் இலங்கைக்காரர்கள் பாகிஸ்தான், சீனா என்று வேறு ஆள் தேடிப் பழகிக்கொண்டார்கள். நம்ம ஊரில் விலை ஏறினால் ஜனங்கள் கொதிப்பார்கள், அரசாங்கம் தடை போடும், அதன் நியாயம் புரிகிறது. ஆனால் பக்கத்து நாட்டு அடுப்பும் நம்ம வெங்காயத்தை நம்பித்தான் எரிகிறது, ஒரு மாச முன்னறிவிப்பாவது கொடுத்தால் என்ன?

கப்பல் வாடகை ஏன் இவ்வளவு? மாலத்தீவுத் தலைநகர் மாலே ரொம்பப் பக்கம்தானே?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் என் அபிப்பிராயத்தில் பக்கத்து நாட்டு வியாபாரத்தின் முடிச்சே இங்கேதான் விழுகிறது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் போய்த் தோணி லோடு ஏறுவதைப் பாருங்கள். மரத்தோணி, இருநூற்றைம்பது முந்நூறு டன் ஏற்றும். வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் ஏறும், தண்டல் (தோணித் தலைவர்) எழுதிக்கொள்வார், தோணி மாலே போகும். வரும்போது? பெரும்பாலும் வெறும் தோணி. கிடைத்தால் கொஞ்சம் இரும்புக் கழிவு. அப்படியென்றால் டீசல், ஆள் கூலி, துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் போகும்போது ஏற்றிய வெங்காயம்தான் இரண்டு பயணத்துக்கும் காசு கொடுக்கணும். நெல்லையிலிருந்து சென்னைக்கு லாரி அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை, ரிட்டன் லோடு இல்லாவிட்டால் வாடகை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2023-24-இல் இந்தியா மாலத்தீவுக்கு அனுப்பியது ஏறக்குறைய 89 கோடி டாலர் சரக்கு, அங்கிருந்து வாங்கியது 9 கோடி டாலருக்கும் குறைவு. இலங்கைக்குப் போனது 400 கோடி டாலரை ஒட்டி, வந்தது 150 கோடிக்கும் கீழே. இதை நம்ம பத்திரிகைகள் நமக்கு வெற்றி என்று எழுதும். கப்பல்காரன் கண்ணில் அது காலி வயிறு.

2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி, மாலே என்று நேரடிச் சரக்குக் கப்பல் விட்டார்கள். 200 கன்டெய்னரும் 3,000 டன் தனிச் சரக்கும் ஏற்றுகிற அளவு. நல்ல யோசனைதான். தேதி தவறாமல் கப்பல் வந்தால் வியாபாரி தேதி வைத்து விலை பேசலாம், தோணிக்கோ தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் ஓட்டமே கிடையாது. ஆனால் எந்தக் கப்பலும் ஒருபக்க லோடில் எத்தனை நாள் ஓடும்?

அதனால் "என்ன அனுப்பலாம்" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "என்ன கொண்டுவருவீர்கள்?" இலங்கையிலிருந்து கிராம்பு, மிளகு, பாக்கு, கால்நடைத் தீவனம், பழைய காகிதம் வருகிறது. நம்ம பக்கத்துக் காகித ஆலைகளுக்குப் பழைய காகிதம் எப்போதும் வேண்டும். மேலப்பாளையத்துக்காரர் ஒருத்தர் எனக்குத் தெரியும், போகும்போது வத்தல், வரும்போது கிராம்பு. இரண்டிலும் லாபம் கொஞ்சம் கொஞ்சம்தான், ஆனால் அங்கே வாங்குகிற ஆளும் விற்கிற ஆளும் ஒரே ஆளாக இருப்பதால் பாக்கி நிற்பதே இல்லை. வத்தல் காசைக் கொடுக்காவிட்டால் கிராம்புக் காசு போகாது. வங்கியைவிட இது கெட்டியான ஜாமீன்.

மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு தவிர வேறு என்ன வரும் என்று கேட்டால், இப்போதைக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அந்த மாசியையும் இலங்கைக்காரர்கள்தான் நம்மைவிட ஆசையாக வாங்குகிறார்கள், அவர்களுக்குச் சம்பலில் அது இல்லாமல் இறங்காது.

பணம் ஒழுங்காக வருமா?

2022-ஐப் பார்த்தவன் இதற்குச் சட்டென்று "வரும்" என்று சொல்லமாட்டான். இலங்கையில் டாலர் காலி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன, எடுக்க வியாபாரியிடம் ரூபாய் இருக்கிறது, வங்கியில் டாலர் இல்லை. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே மார்ச்சில் உணவு, மருந்துக்கென்று இந்தியா 100 கோடி டாலர் கடன் வசதி கொடுத்தது. அந்த வழியாகச் சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் இங்கேயே வந்தது. நம்ம தமிழ்நாடு அரசு தனியாக 40 ஆயிரம் டன் அரிசி அனுப்பியதும் அந்த வருஷம்தான், அதில் ஒரு பகுதி தூத்துக்குடியிலிருந்து ஏறியது.

அதே 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வியாபாரத்தை ரூபாயிலேயே முடிக்க வழி திறந்தது. அந்த நாட்டு வங்கி இங்கே ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும், பணம் அதிலிருந்து வரும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் ரூபாய் எங்கிருந்து சேரும்? அவர்கள் நமக்கு ஏதாவது விற்றால்தான் சேரும். சுற்றிச் சுற்றி ரிட்டன் லோடுக்கே வருகிறோம் பாருங்கள். 1974-இலிருந்து ஆசியத் தீர்வக ஒன்றியம் என்று ஒன்று டெஹ்ரானைத் தலைமையிடமாக வைத்து இருக்கிறது. உறுப்பு நாடுகள் இரண்டு மாசத்துக்கு ஒருதரம் கணக்கை நேர் செய்து மிச்சத்தை மட்டும் கொடுக்கும் ஏற்பாடு, அதிலும் எப்போதும் ஒரே பக்கம் மிச்சம் விழுந்தால் சங்கடம்தான்.

புது ஆள் என்றால் பாதி அட்வான்ஸ், மீதிக்கு எல்.சி. (வாங்குகிறவரின் வங்கி தருகிற பண உத்தரவாதம்) அல்லது பணம் வராவிட்டால் ஈடு கொடுக்கிற அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் காப்பீடு. சொந்தக்காரன் என்றாலும் இதேதான். சொந்தக்காரன் என்றால் கூடுதல் கவனம்.

அங்கே முதலீடு போடலாமா? அவர்கள் இங்கே போடலாமா?

இரண்டும் நடக்கிறது. இந்தியன் ஆயில் 2003-இலிருந்து இலங்கையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறது. இலங்கையின் பிராண்டிக்ஸ் ஆந்திராவில் அச்சுதாபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் துணி நகரமே போட்டிருக்கிறது. சின்ன நாட்டிலிருந்து பெரிய நாட்டுக்கு முதலீடு வராது என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்கணும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2020 ஏப்ரலில் இந்தியா, தன்னோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்றது. சீனாவை மனசில் வைத்துப் போட்ட விதி, ஆனால் நேபாளம், பூட்டான், மியன்மார் எல்லாம் அதில் சிக்கின. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நம்மோடு நில எல்லை இல்லை, அவர்களுக்கு இது பொருந்தாது. போன மாதம்கூடக் காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் தன் கொழும்பு மைத்துனர் பணம் போட முடியாது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு வந்தார்.

நீங்கள் அங்கே போடுவதானால், முதலில் ஒரு குடோனும் ஒரு நம்பகமான ஆளும் போதும். தொழிற்சாலை எல்லாம் நாலு வருஷம் சரக்கு போய்வந்த அப்புறம் பேசலாம்.

சார்க் என்ன ஆனது?

தூங்குகிறது. 2006-இலிருந்து தெற்காசியத் தடையற்ற வர்த்தகப் பகுதி என்று காகிதத்தில் இருக்கிறது, ஆனால் கடைசி உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவில். 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நின்றது, அதற்கப்புறம் இல்லை. தெற்காசிய நாடுகள் செய்யும் மொத்த வியாபாரத்தில் தங்களுக்குள் செய்வது 5 சதவீதம் அளவுதான், தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளில் அது கால் பங்கு.

நம்ம ஊர் அல்வா, கருப்பட்டி, நிலாவாரை எல்லாம் போகுமா?

கருப்பட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, அவர்களே பனங்கட்டி காய்ச்சுகிறார்கள். நிலாவாரை என்கிற மருந்து இலை உலகம் முழுக்க நம்ம ஊர்ப் பெயரிலேயே போகிறது, ஆனால் அதன் வாடிக்கை ஐரோப்பா, அமெரிக்கா பக்கம். அல்வாவை ஆசைக்குக் கொண்டுபோகலாம், கன்டெய்னர் கணக்கில் யோசிக்காதீர்கள். நிஜமாகவே போவது கருவாடு, வத்தல், வெங்காயம், சிமெண்ட் என்று பேர் இல்லாத சரக்குகள்தான். நெத்திலிக் கருவாட்டுக்கு இலங்கையில் எப்போதும் ஆள் உண்டு.

எந்தக் காகிதத்திலிருந்து தொடங்கணும்?

ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கான பதிவு எண். ஆன்லைனில் எடுக்கலாம், 500 ரூபாய். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை ஒருதரம் உறுதிப்படுத்தணும், மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும். மறந்தால் எண் முடங்கும், கப்பல் நிற்கிற அன்றைக்குத்தான் அது தெரியவரும். அப்புறம் ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி), வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணிக்கான வங்கி எண்) துறைமுகத்தில் பதிவது, காய்கறி, வித்து என்றால் தாவர நோய்த்தடுப்புச் சான்று. இலங்கை ஒப்பந்தச் சலுகை வேண்டும் என்றால் சரக்கு இந்தியாவுடையதுதான் என்று ஏற்றுமதி ஆய்வு முகமை தருகிற பூர்விகச் சான்று. அதில் இன்வாய்ஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் அங்கே முழு வரி.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஆள் போகிற கப்பல் மறுபடி வருமா?

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்வார்கள். 1908-இல் அவரை உள்ளே தள்ளினார்கள், 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள்.

நூறு வருஷம் கழித்து 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் விட்டார்கள். அதே வருஷத்துக்குள் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கியது சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு திரும்பவும் கிளம்பியது. நம்ம துறைமுகத்திலிருந்து ஆள் கப்பல் வருகிறவரை மதுரை போய் விமானம் ஏற வேண்டியதுதான். போகிறவர்கள் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் காலை எட்டு மணிக்கு முன்னால் நில்லுங்கள், மூட்டை இறங்குகிற நேரம் அது. கையில் வத்தல் சாம்பிள் இருக்கட்டும், வரும்போது பையில் கிராம்பு சாம்பிள் இருக்கட்டும்.